‘தூக்கம் வரலீங்க டாக்டர்’: எல்லைக் கிராம ஆஸ்பத்திரிகளில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே பஸ் ஏறினால், எல்லைச் சாவடி தாண்டியதும் கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறிவிடும். பேச்சு மாறாது. எருத்தேன்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், சித்தூர் தாலுகாவில் உள்ள ஊர்களில் வீட்டிலும் சந்தையிலும் புழங்குவது பெரும்பாலும் கொங்குத் தமிழே. பாலக்காடு என்றால் பச்சை வயல் என்று எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். இது மழை மறைவுப் பிரதேசம். கரிசல் மண், தென்னை, நிலக்கடலை, காய்கறி. ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் இருந்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் கடன்.

இந்தப் பகுதியில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேண்டுமானாலும் காலையில் போய்ப் பாருங்கள். ஓ.பி. சீட்டை மடித்துக் கையில் பிடித்தபடி பெஞ்சு நிறைய ஆட்கள் இருப்பார்கள். காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, குழந்தைக்கு இருமல். ஒருவர் முறை வருகிறது. ஐம்பது வயதிருக்கும்; தென்னந்தோப்பில் வேலை செய்கிறவர் என்று வைத்துக்கொள்வோம்.

“எந்தா அசுகம்?” என்கிறார் டாக்டர்.

“ராத்திரி தூக்கமே வரலீங்க டாக்டர். கை கால் ஓய்ச்சலா இருக்குதுங்க. சோறு இறங்க மாட்டேங்குது. நெஞ்சு படபடங்குதுங்க.”

டாக்டர் பிரஷர் பார்க்கிறார், சரியாக இருக்கிறது. சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கச் சொல்கிறார். சத்து மாத்திரையும் வயிற்றெரிச்சலுக்கு ஒரு மாத்திரையும் எழுதுகிறார். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவர் கதவருகே ஒரு கணம் நிற்கிறார். “என்னமோ போங்க, இன்னும் இருந்து என்ன ஆகப் போகுதுங்க” என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்கிறார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாகிவிட்டது.

இவர் நான் கற்பனையாக அமைத்த நோயாளி. ஆனால் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும், இப்படிப்பட்டவரைப் பார்த்திருப்பதாகத்தான் சொல்வார்கள். அன்று அவர் சொல்ல வந்தது தூக்கத்தைப் பற்றி அல்ல. கதவருகே சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி.

தற்கொலை செய்துகொண்டவர்கள் கடைசியாக எந்த டாக்டரைப் பார்த்தார்கள் என்று மேல்நாடுகளில் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். அப்படிப்பட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. இறந்தவர்களில் நூற்றுக்கு 45 பேர், இறப்பதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஒரு சாதாரண டாக்டரிடம் போயிருந்தார்கள். முந்தைய ஓராண்டைக் கணக்கிட்டால் நான்கில் மூன்று பேர் போயிருந்தார்கள். அதே ஒரு மாதத்தில் மனோதத்துவ டாக்டரிடம் போனவர்கள் நூற்றுக்கு இருபது பேர் அளவில்தான். அதாவது, ஆபத்திலுள்ள மனிதன் நிபுணரின் வாசலுக்குப் போவதைவிட, காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் மருந்து கொடுக்கும் டாக்டரின் வாசலுக்கே அதிகம் போகிறான். இது மேல்நாட்டுக் கணக்கு. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆயினும், மனோதத்துவ டாக்டரைப் பார்க்க பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறவேண்டிய ஊரில், ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசல்தான் பலருக்கும் ஒரே வாசல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேரளத்துக்கு இது சிறு பிரச்சினை அல்ல. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். லட்சம் பேருக்கு 12.4 என்பது நாட்டின் சராசரி. கேரளத்தில் அது 28.5, பக்கத்தில் தமிழ்நாட்டில் 25.9. எல்லைக் கோட்டின் இரண்டு புறத்திலும் நாட்டுச் சராசரியைப்போல் இரு மடங்குக்கு மேல்! இறந்தவர்களில் ஏறத்தாழ 72 சதவீதம் ஆண்கள். தொழில்வாரியாகப் பார்த்தால் தினக்கூலிக்காரர்களே அதிகம். நால்வரில் ஒருவருக்கு மேல் அவர்கள். இந்தப் பத்திரிகையை டீக்கடைப் பெஞ்சில் பிரித்துப் படிக்கிற நம்மவர்களில் பலரும் எந்த வரிசையில் வருகிறோம் என்பதை இந்த எண்ணிக்கை சொல்லிவிடுகிறது.

உடம்பு வழியாகப் பேசும் மனசு

“எனக்கு மனத்தளர்ச்சி நோய் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டு யாரும் ஓ.பி. சீட்டு எடுப்பதில்லை. தலைவலி, முதுகுவலி, அசதி, மலச்சிக்கல், நெஞ்சடைப்பு, தூக்கமின்மை என்றுதான் வருவார்கள். இது நடிப்பு அல்ல. மனத்தளர்ச்சியில் உடம்பு உண்மையாகவே வலிக்கும்; பசி உண்மையாகவே போய்விடும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, பிறகு விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த நோயின் பழைய அடையாளங்களில் ஒன்று. அதோடு, வலி என்று சொன்னால் வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள், மனசு சரியில்லை என்றால் “உனக்கென்ன குறைச்சல்?” என்பார்கள். எதைச் சொன்னால் மதிப்பு கிடைக்கும் என்று நோயாளிக்குத் தெரிந்திருக்கிறது.

ஆண்கள் விஷயம் இன்னும் சிக்கல். அழுகிற ஆணைக் கண்டால் சிரிக்கும் ஊர் நம்முடையது. ஆகவே துயரம் அவர்களிடம் கோபமாக வரும், எரிச்சலாக வரும், கள்ளாகவும் சாராயமாகவும் வரும். வேலைக்குப் போகாமல் நின்றுவிடுவார்கள். குடிதான் காரணம் என்று வீட்டாரும் டாக்டரும் அதோடு விட்டுவிடுவார்கள். குடிக்குக் காரணம் என்ன என்று ஒருபடி இறங்கிப் பார்க்க ஆள் இருக்காது. குடிப்பழக்கமும் மனத்தளர்ச்சியும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது என்பது வைத்திய உலகம் நன்கு அறிந்த விஷயம்.

வேறு சிலரிடமும் டாக்டரும் நர்ஸும் கொஞ்சம் கூடுதலாகக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். முன்பு ஒருமுறை உயிரை விட முயன்றவர்கள் இவர்களில் முதல் வரிசை. தீராத வலியோடு மாதக்கணக்கில் அலைகிறவர்கள், புற்றுநோய் போன்ற பெரிய நோய் இருப்பதாக அண்மையில் தெரிந்துகொண்டவர்கள், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன வாரம்தான் வீடு திரும்பியவர்கள், பிரசவமாகிச் சில மாதங்களான பெண்கள், பிள்ளைகள் திருப்பூருக்கோ துபாய்க்கோ போய்விட, வீட்டில் தனித்திருக்கும் முதியவர்கள். கடன்காரன் வாசலில் நின்ற வீடு. கல்யாணம் முறிந்த வீடு. இவர்கள் எல்லோரும் அப்படிச் செய்துவிடுவார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலோர் செய்யமாட்டார்கள். ஆனால் யாரிடம் கேட்கலாம் என்று யோசிக்கிறபோது, இவர்களிடமாவது கேட்டுவிட வேண்டும்.

‘விஷமம் உண்டோ?’

இங்கேதான் எருத்தேன்பதிக்கும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களுக்கும் உரிய ஒரு தனிச் சிக்கல் வருகிறது. டாக்டரும் நர்ஸும் மலையாளத்தில் படித்தவர்கள். நோயாளி தமிழில் துக்கப்படுகிறவர். காய்ச்சலுக்கு இது பெரிய தடை அல்ல. தெர்மாமீட்டருக்கு மொழி கிடையாது. மனசுக்கு உண்டு.

ஒரு சொல்லைப் பாருங்கள். மலையாளத்தில் ‘விஷமம்’ என்றால் வருத்தம், துயரம். “விஷமம் உண்டோ?” என்று நர்ஸ் பரிவோடுதான் கேட்கிறார். அதே சொல் தமிழில் குறும்பு, சேட்டை. அண்மையில் எல்லை தாண்டி வேலைக்கு வந்த ஒரு பெண், தன்னைக் குறும்புக்காரி என்கிறாரா, இல்லை விஷத்தைப் பற்றிக் கேட்கிறாரா என்று குழம்பி, “அதெல்லாம் இல்லீங்க” என்று சொல்லிவிடக் கூடும். சீட்டில் ‘இல்லை’ என்று குறிப்பாகிவிடும். ‘பேடி’ என்றால் அவர்களுக்கு அச்சம். நமக்கு அது வசைச்சொல். ‘சங்கடம்’ அவர்களுக்கு நெஞ்சைப் பிழியும் துக்கம். நமக்குச் சின்ன அசௌகரியம். இரண்டும் அக்காள் தங்கை மொழிகள் என்பதாலேயே இந்த மயக்கம் வருகிறது. அறவே தெரியாத மொழியாக இருந்தால், புரியவில்லை என்று ஒப்புக்கொண்டாவது இருப்போம்.

மறுபுறம், நம் தமிழில் துயரம் எப்படிப் பேசுகிறது என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். “மனசு விட்டுப் போச்சுங்க”, “சாமி எப்பக் கூப்பிடுமோ”, “போய்ச் சேர்ந்தாத் தேவலை”, “நான் ஒருத்தன் இல்லாட்டி இவங்களுக்கு நிம்மதிங்க.” இந்தக் கடைசி வாக்கியத்தை மிகவும் கவனிக்க வேண்டும். தான் வீட்டுக்குப் பாரம் என்று ஒருவர் முடிவு கட்டிவிட்டார் என்பதற்கு அது அடையாளம். ஆனால் நாம் நாளுக்கு நாலு தடவை “செத்தேன் போ”, “என்னைச் சாகடிக்காதே” என்றும் சொல்கிறவர்கள். வெயிலுக்கும் சொல்வோம், பஸ் நெரிசலுக்கும் சொல்வோம். எது பேச்சு வழக்கு, எது உள்ளேயிருந்து வருவது என்று பிரித்தறிய அந்த மொழியிலேயே வாழ்ந்தவர் காது வேண்டும். அப்படிப்பட்ட காது இல்லாதபோது செய்யக்கூடியது ஒன்றுதான்: நேராகக் கேட்டுவிடுவது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். சித்தூர் தாலுகாவில் பிறந்து வளர்ந்த நம்மவர்களில் பலருக்கு மலையாளம் தெரியும். பள்ளியில் படித்த பிள்ளைகள் இரண்டு மொழியிலும் சரளமாகப் பேசுவார்கள். இந்தப் பகுதியில் நாலு வருஷம் வேலை பார்த்த மலையாள டாக்டர், நம்மைவிட நன்றாகவே “என்னங்கம்மா, சாப்பிட்டீங்களா?” என்பார். சிக்கல், வயதான பெண்களிடமும் புதிதாகக் கூலிக்கு வந்தவர்களிடமும்தான். துணைக்கு மகனையோ மருமகளையோ மொழிபெயர்க்க உட்கார வைத்தால், எந்த மருமகளால் மனசு உடைந்ததோ அவர் முன்னாலேயே அதைச் சொல்ல வேண்டியதாகிறது. ஆஷா தொண்டர் ஒருவரோ, தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவரோ, ஐந்து நிமிஷம் தனியாக உட்கார்ந்து பேசுவது அதைவிட மேல்.

கேட்டால் எண்ணம் வந்துவிடுமா?

“சாகத் தோன்றுகிறதா?” என்று கேட்க டாக்டர்களே தயங்குகிறார்கள். இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போல் ஆகிவிடுமோ என்ற பயம். நம் வீடுகளிலும் இதே பயம். அந்தப் பேச்சை எடுத்தாலே அமங்கலம் என்பார்கள். இதைப் பல நாடுகளில் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. 2005-ல் வெளியான, அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடையே நடந்த ஆய்வும், 2014-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பும் ஒன்றையே சொல்லின: கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை. ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு இருப்பவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலே கிடைக்கிறது. மாதக்கணக்கில் தனியாகச் சுமந்ததை ஒருவர் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதல்.

எப்படிக் கேட்பது? தடாலென்று கேட்கக் கூடாது. “இத்தனை நாள் தூங்காம, சாப்பிடாம இருந்தா யாருக்கும் வெறுத்துப் போகுங்க. உங்களுக்கு இனி வாழ வேண்டாம்னு தோணுதுங்களா?” என்று தூக்கத்திலிருந்து மனசுக்கு வரலாம். ‘ஆமாம்’ என்றால், “உசிரை மாய்ச்சுக்கலாம்னு நினைச்சதுண்டுங்களா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா? முந்தி எப்பவாச்சும் அப்படிச் செஞ்சிருக்கீங்களா?” என்று ஒவ்வொரு படியாக இறங்கலாம். முகம் சுளிக்காமல், உபதேசம் செய்யாமல் கேட்க வேண்டும். “பிள்ளைகுட்டியை நினைச்சுப் பாருங்க” என்று உடனே சொல்லிவிட்டால் கதவு சாத்திக்கொள்ளும். அவர் பிள்ளைகளை நினைக்காமலா இருப்பார்?

கேரளத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு ஏட்டளவிலாவது இருக்கிறது. 2017-ல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக உயர்த்தி வந்தார்கள். அவற்றில் ‘ஆஸ்வாசம்’ என்ற பெயரில் மனத்தளர்ச்சி கண்டறியும் கிளினிக் ஒன்றையும் சேர்த்தார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ் முதலில் சில கேள்விகள் கேட்பார். ஐயம் தோன்றினால் டாக்டர் பார்ப்பார். தேவையானால் மாவட்ட மனநலத் திட்டத்து நிபுணருக்கு அனுப்புவார்கள். நோயாளிக்கு இதில் செலவு இல்லை. ஆஸ்வாசம் என்ற சொல் நமக்கும் புரிகிறதே, அது நல்ல சகுனம்.

அங்கே பயன்படும் கேள்வித்தாள் உலகமெங்கும் ஒன்பது கேள்விப் படிவம் என்று அறியப்பட்டது. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா, சோர்வு, தூக்கம், பசி எப்படி, உங்களையே குறை சொல்லிக்கொள்கிறீர்களா, கவனம் நிற்கிறதா என்று போகும். இல்லவே இல்லை என்றால் 0; ஏறக்குறைய தினமும் என்றால் 3; மொத்தம் 27. பத்துக்கு மேல் போனால் டாக்டர் நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்விதான் நாம் பேசும் கேள்வி: செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா? மொத்த மதிப்பெண் நாலே நாலாக இருந்தாலும், இந்த ஒன்றுக்கு ‘சில நாள் தோன்றியது’ என்று பதில் வந்தால் அன்றைக்கே மேற்கொண்டு பேசியாக வேண்டும்.

ஆனால் இந்தத் தாள் ஜோசியம் அல்ல. யார் இறப்பார், யார் இறக்கமாட்டார் என்று எந்த மதிப்பெண்ணாலும் சொல்ல முடியாது. ஆபத்தைக் கணிக்க இத்தகைய மதிப்பெண் அட்டவணைகளை நம்ப வேண்டாம் என்று இங்கிலாந்தின் வைத்திய நெறிமுறைக் கழகம் 2022-ல் வெளிப்படையாகவே அறிவித்தது. ‘குறைந்த ஆபத்து’ என்று முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பியவர்களே பலர் இறந்திருக்கிறார்கள். ஆகவே தாளை நிரப்பிக் கோப்பில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணும் குமாஸ்தா புத்தி இங்கே உதவாது. (குமாஸ்தா வாசகர்கள் மன்னிக்கவும், அந்தக் கோப்புகளுக்கிடையே இருபது வருஷம் உட்கார்ந்த உரிமையில் சொல்கிறேன்.)

ஒரு தீவின் கதை

சாதாரண டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு, சுவீடனின் காட்லாந்து தீவைச் சொல்வார்கள். பால்டிக் கடலில், அன்று அறுபதாயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த தீவு. 1983, 1984-ம் ஆண்டுகளில் வுல்ப்காங் ருட்ஸ் என்ற மனோதத்துவ டாக்டரும் அவர் சகாக்களும் தீவிலுள்ள குடும்ப டாக்டர்களை உட்காரவைத்து, மனத்தளர்ச்சியைக் கண்டுபிடிக்கவும் வைத்தியம் செய்யவும் பயிற்சி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டுகளில் தீவில் தற்கொலைகள் குறைந்தன. தூக்க மாத்திரை, நரம்புத்தளர்ச்சி மாத்திரை எழுதுவது குறைந்தது. சரியான மருந்து எழுதுவது கூடியது.

கதையின் மீதிப் பாதிதான் நமக்கு முக்கியம். மூன்று நான்கு வருஷத்தில் எண்ணிக்கை பழையபடி ஏறிவிட்டது. பயிற்சி பெற்ற டாக்டர்களில் பலர் தீவை விட்டு மாற்றலாகிப் போயிருந்தார்கள், மறுபயிற்சி நடக்கவில்லை. இன்னொன்று: குறைந்தது பெரும்பாலும் பெண்களின் தற்கொலைதான். ஆண்கள் டாக்டரிடமே வரவில்லை. வந்தவர்களும் துக்கம் என்று சொல்லவில்லை. ருட்ஸ் பின்னால் ஆண்களின் மனத்தளர்ச்சி கோபமாகவும் குடியாகவும் வெளிப்படுவதைப் பற்றியே நிறைய எழுதினார்.

எல்லைப்புற ஆஸ்பத்திரிகளுக்கு மாற்றலாகி வரும் டாக்டர்கள், சொந்த ஜில்லாவுக்கு எப்போது போகலாம் என்று நாள் எண்ணுவதை நாம் அறிவோம். அவர்கள்மேல் குற்றமில்லை. ஆனால் இந்தக் கேள்வி கேட்கும் பழக்கத்தை டாக்டரிடம் மட்டும் விட்டுவைத்தால் அது டாக்டரோடு பஸ் ஏறிப் போய்விடும். ஊரிலேயே இருக்கும் ஆஷா தொண்டர்களிடமும், கிராம நர்ஸ்களிடமும், மருந்து எடுத்துக் கொடுக்கும் பார்மசிஸ்டிடமும் அது இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

‘ஆமாம்’ என்று சொன்ன பிறகு

கேட்பது பாதிதான். பதில் ஆமாம் என்று வந்தால் அடுத்து என்ன?

பெரிய மருந்து எதுவும் அந்த நிமிஷத்துக்குத் தேவைப்படுவதில்லை. மனத்தளர்ச்சிக்கு மாத்திரை உண்டு. நல்ல பலனும் தரும். ஆனால் அது வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை ஆளைக் கரையில் நிறுத்தி வைக்க வேண்டும். இன்றிரவு கூட யார் படுத்துக்கொள்வது? எண்ணம் முற்றும்போது யாருக்குப் போன் செய்வது? எந்த இடத்துக்குப் போனால், யாரோடு பேசினால் அது தணிகிறது? இதையெல்லாம் நோயாளியின் வாயாலேயே சொல்ல வைத்து, ஓ.பி. சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுக்கலாம். திட்டமும் நாளும் குறித்துவிட்டவர் என்றால் தனியே அனுப்பக் கூடாது. சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரிக்கோ மாவட்ட ஆஸ்பத்திரிக்கோ ஆள் துணையோடுதான் அனுப்ப வேண்டும்.

அடுத்தது வீட்டிலிருக்கும் பூச்சிமருந்து. விவசாய ஊர்களில் இதை வெளிப்படையாகவே பேசியாக வேண்டும். உயிரை விட வேண்டும் என்ற வேகம் பலருக்கு அலைபோல் எழுந்து, சில மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் அது இல்லாமலிருந்தாலே பல உயிர் தப்புகிறது. இலங்கை அரசு மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்து வந்ததில், 1990-களின் நடுவில் இருந்ததைவிட அங்கே தற்கொலை விகிதம் எழுபது சதவீதம் அளவுக்குக் குறைந்தது. தமிழ்நாட்டில் சில கிராமங்களில், ஊருக்குப் பொதுவான இடத்தில் பூட்டுப் பெட்டகங்கள் வைத்து, விவசாயிகள் மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே வைக்கும்படி செய்தார்கள். அதனால் பலன் தெரிந்ததாக 2013-ல் ஆய்வு வெளியாயிற்று. அதை நடத்தியவர் சென்னையில் 1986-ல் ‘சிநேகா’ அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும். எருத்தேன்பதிப் பக்கத்துத் தோப்புகளில் மோட்டார் ரூம் இல்லாத தோப்பு அபூர்வம். வீட்டில் ஒருவர் மனசு சரியில்லாமல் இருக்கும்போது டப்பாக்களை அங்கே கொண்டுபோய்ப் பூட்டி, சாவியைப் பங்காளி வீட்டில் கொடுத்துவைக்க எவ்வளவு நேரமாகும்?

மூன்றாவது, தொடர்ந்து விசாரிப்பது. இது மிகச் சாதாரணமாகத் தோன்றும்; கணக்கு வேறு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து ஊர்களில், உயிரை விட முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பாதிக்கு, வீடு திரும்பும்முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு ஒன்றரை வருஷத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். 2008-ல் முடிவு வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 2 பேர். இந்த வேலைக்கு பட்டம் பெற்ற நிபுணர் தேவையில்லை. நினைவு வைத்துக்கொண்டு போன் செய்ய ஒரு ஆள் வேண்டும்.

எல்லையில் ஒரு வினோதமும் உண்டு. நம்மவர்கள் திங்கட்கிழமை உள்ளூர் ஆஸ்பத்திரி, வியாழக்கிழமை பொள்ளாச்சியில் பிரைவேட் டாக்டர், மறுவாரம் கோயம்புத்தூர் என்று போவார்கள். இரண்டு மாநிலத்துச் சீட்டு, இரண்டு மொழிக் குறிப்பு. தூக்கமில்லை என்று மூன்று இடத்தில் சொன்னால் மூன்று இடத்திலும் மாத்திரை கிடைக்கும். ஒரு டாக்டர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. மூன்று சீட்டையும் ஒன்றாக ஒரு பையில் போட்டு, எந்த டாக்டரிடம் போனாலும் எடுத்துப் போவதை வீட்டில் ஒருவர் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டால், “இவர் ஒரே மாதத்தில் ஏழு தடவை டாக்டரைப் பார்த்திருக்கிறாரே” என்பது யாராவது ஒருவர் கண்ணிலாவது படும்.

போலீஸ் கேஸ் என்ற பயம்

முன்பு முயன்று பிழைத்தவர்கள் அதை டாக்டரிடம் மறைப்பதற்குக் காரணம், கேஸ் ஆகிவிடும் என்ற பயமே. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு அப்படித்தான் இருந்தது. 2017-ல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் தர வேண்டும் என்று சொல்கிறது. 2024 ஜூலை முதல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய 309 இடம்பெறவே இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்துவதற்காக அப்படி முயல்வது மட்டுமே அதில் குற்றமாக இருக்கிறது. ஆகவே டாக்டர் “முந்தி எப்பவாச்சும்?” என்று கேட்டால் உள்ளதைச் சொல்லலாம்.

லாட்ஜிலும் லேபர் ஷெட்டிலும் எட்டுப் பேர் பத்துப் பேராகத் தங்கி வேலை செய்யும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கூட இருப்பவன் பதினைந்து நாளாக இரவில் விழித்துக் கிடக்கிறானா, ஊருக்குப் போன் பேசுவதை நிறுத்திவிட்டானா, கைக்கடிகாரத்தையும் சட்டையையும் “நீ வச்சுக்கப்பா” என்று கொடுக்கிறானா, வாரக்கணக்கில் உம்மென்று இருந்துவிட்டுக் காரணமில்லாமல் திடீரென்று நிம்மதியாகத் தெரிகிறானா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் மேஸ்திரியிடம் சொல்வதற்கு முன் அவனிடமே கேளுங்கள். கேட்டுவிட்டு, மறுநாள் அரைநாள் கூலி போனாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட நடந்து போங்கள். தனியாகப் போனால் மறுபடியும் கால்வலி என்றுதான் சொல்லிவிட்டு வருவான்.

நடு ராத்திரியில் ஆஸ்பத்திரி இல்லாத நேரத்துக்குப் போன் உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ், 14416. இது 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசலாம், கட்டணம் இல்லை. கேரள அரசின் ‘திசா’, 1056. தமிழிலேயே மனம்விட்டுப் பேச சென்னை சிநேகா, 044-24640050.

சுகாதார நிலையத்தில் கவுண்டரில் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி வருகிறவர்களும் உண்டு. “ஆஸ்வாசம் கிளினிக் எந்த நாள்ங்க?” என்று கேட்டால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மலையாளம் வராவிட்டால் தமிழிலேயே கேளுங்கள். அங்கே துணைக்குத் தமிழ் தெரிந்த நர்ஸையோ ஆஷா தொண்டரையோ கூப்பிட்டுத் தரும்படியும் கேளுங்கள். பார்த்துவிட்டு வரும்போது, அடுத்த முறை வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டுதான் படியிறங்க வேண்டும்.